ஜீப்பில் ஓர் இடைச்செருகல்

பழைய ஏடுகளைப் பதிப்பிப்பவர்களை விடாமல் துரத்தும் சொல் 'இடைச்செருகல்'. மூலநூலில் இல்லாத ஒரு செய்யுள், பிற்காலத்தில் யாரோ ஒருவருடைய தேவை கருதி நூலுக்குள் நுழைந்துவிடுகிறது. நாளாக ஆக மூலத்தோடு மூலமாய் ஒட்டிக்கொள்கிறது. அதை நீக்கிவிடுவதா, வைத்துக்கொண்டு அடிக்குறிப்பு எழுதுவதா என்பது பதிப்பாசிரியரின் கவலை. இதற்கு நெருக்கமான ஒரு கவலை, ஏட்டுச்சுவடியைத் தொட்டே அறியாத மனிதர்களுக்கும் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பழைய ஜீப்புகளை வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுபவர்களைச் சொல்கிறேன். அறுபதுகளிலோ எண்பதுகளிலோ பிறந்த ஒரு வண்டியில் ஏசி பொருத்தலாமா கூடாதா என்பது அவர்களிடையே தீராத வழக்கு.

இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று முதலில் தோன்றும். ஆனால் இந்த வழக்கின் வேர்களைப் பிடித்துக்கொண்டு போனால் அது திருவல்லிக்கேணிக் கடற்கரையின் பனிக்கட்டிக் கிடங்குக்கும், ஒரு அமெரிக்க அச்சுக்கூடத்துக்கும், 1955ஆம் ஆண்டின் ஆவடிக்கும், மேட்டூர் அணையடியில் இருந்த ஓர் ஆலைக்கும் கொண்டு செல்கிறது. குளிர் யாருக்கு முதலில் வந்தது, யாருக்குக் கடைசியில் வந்தது என்ற கேள்வியும் வழியில் எதிர்ப்படுகிறது.

ஜீப்பிலிருந்தே தொடங்குவோம். 1940ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பை அனுப்பியது. நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய, எடை குறைந்த ஓர் உளவு வண்டி வேண்டும். மாதிரி வண்டியை 49 நாட்களுக்குள் தர வேண்டும். பாண்டம் என்ற சிறு நிறுவனம் அந்தக் கெடுவுக்குள் செய்து முடித்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளை உற்பத்தி செய்தன. இராணுவம் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, முன்கண்ணாடியை மடித்து பானட்டின் மேல் படுக்கவைக்க முடியவேண்டும் என்பது. கதவு கிடையாது; தேவையானால் ஒரு தார்ப்பாய்க் கூரை. உள்ளே இருப்பவன் எந்தப் பக்கமும் பார்க்கவும், எந்தப் பக்கமும் குதித்து ஓடவும் வேண்டும் என்பதே அந்த வடிவத்தின் தர்க்கம். சுவர் இல்லாமை அங்கே குறை அன்று. அந்த வண்டியின் இலக்கணமே அதுதான்.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வில்லிஸ் ஜீப்பின் உதிரிகளை வரவழைத்து மும்பையில் பூட்டத் தொடங்கிற்று. 1953இல் அமெரிக்காவில் அறிமுகமான சிஜே-3பி என்னும் உயரமான பானட் கொண்ட வடிவம், அங்கே 1968இல் நின்றுபோன பின்னும் இங்கே பல பெயர்களில் தொடர்ந்தது. அதற்குள் டிராக்டருக்கென வந்த இன்டர்நேஷனல் டீசல் எஞ்சின் புகுந்தது. எண்பதுகளின் நடுவில் வந்த எம்எம்540இல் பூஷோவின் 2112 சிசி டீசல் எஞ்சின் புகுந்தது. மூலபாடத்தைக் காக்க விரும்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் ஜீப் என்பது ஏற்கெனவே பல கைகள் எழுதிய பிரதி. அமெரிக்க உடல், பிரெஞ்சு இதயம், இந்திய நெற்றிப்பட்டை. இதில் 'மூலம்' என்று எதைச் சொல்வது?

*

இனி குளிரின் பக்கம் வருவோம். நம் நாட்டில் குளிர் நெடுங்காலம் காற்றின் துணையோடுதான் வந்தது. வெட்டிவேர்த் தட்டியை வாசலில் கட்டி நீர் தெளிப்பார்கள். அனல்காற்று அதன் வழியே நுழையும்போது நீர் ஆவியாகும். ஆவியாகும் நீர் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இதற்குத் திறப்பு வேண்டும், காற்றோட்டம் வேண்டும், காற்று வறண்டும் இருக்கவேண்டும். வட இந்தியக் கோடையில் சிறப்பாக வேலை செய்யும் இந்த ஏற்பாடு, ஏற்கெனவே ஈரம் நிரம்பிய சென்னைக் காற்றில் பாதிப் பலன்கூடத் தராது. நறுமணம் மட்டும் மிஞ்சும்.

பனிக்கட்டி வந்தது கடல் வழியே. பாஸ்டன் நகர வணிகர் ஃபிரடெரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி அனுப்பி வெற்றி கண்டார். அதே வணிகத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ்; பின்னாளில் 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். கனத்த சுவர்களுக்குள் காற்றுப் புகாமல் வைத்தால்தான் பனிக்கட்டி நிற்கும். தட்டிக்குத் திறப்பு எப்படியோ, அப்படிப் பனிக்கட்டிக்குச் சுவர். அந்தச் சுவருக்குள் இருந்த குளிரும் பெரும்பாலும் துரைமார்களின் குவளைக்குத்தான் போனது.

இயந்திரக் குளிரும் முதலில் மனிதருக்காகப் பிறக்கவில்லை என்பது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சுக்கூடத்தில், கோடையின் ஈரத்தால் தாள் விரிந்தும் சுருங்கியும் ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக விழாமல் போயிற்று. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தவே வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் தம் இயந்திரத்தை வடிவமைத்தார். ஆக, நவீன ஏசியின் முதல் பயனாளி காகிதம். அதன் முதல் வேலையும் குளிர்விப்பதைவிட உலர்த்துவதுதான். இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

வண்டிக்குள் குளிர் வர இன்னும் நாளாயிற்று. நம் நாட்டில் 1934இல் ஃபிரான்டியர் மெயில் ரயிலின் உயர்வகுப்புப் பெட்டியின் தரைக்கடியில் பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கி, அவற்றின் மீது விசிறியால் காற்றைச் செலுத்தினார்கள். அமெரிக்காவில் பேக்கார்ட் நிறுவனம் 1939இல் தன் 1940ஆம் ஆண்டுக் கார்களுக்கு ஏசியை அறிமுகம் செய்தது. அதில் இரண்டு வேடிக்கைகள். ஏசியை நிறுத்த விசை கிடையாது. வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். குளிர்விக்கும் கருவி பின்னிருக்கைக்கும் பின்னால் இருந்ததால், குளிர்காற்று முதலில் முதலாளியின் பிடரியைத் தொட்டது. ஓட்டுநரிடம் வந்து சேரும்போது அதில் எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

1954இல் நாஷ் நிறுவனம் எல்லாவற்றையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதே ஐம்பதுகளில் டெக்சாஸ் மாநிலத்தில் வேறொரு தொழில் முளைத்தது. ஏசி இல்லாமல் விற்ற கார்களுக்கு, டேஷ்போர்டின் அடியில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு ஏசி பொருத்திக் கொடுக்கும் சிறு நிறுவனங்கள் அவை. கார்க் கம்பெனி தராததைத் தெருமுனைப் பட்டறை தரும் என்ற மரபு அங்கே உருப்பெற்றது. நம் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பிற்காலத்தில் பொருத்தப்பட்ட தொங்கு பெட்டிகள் அந்த மரபின் இந்தியக் கிளை. இந்தியாவில் கார் ஏசியைப் பெருமளவில் தயாரிக்க 1985இல் சுப்ரோஸ் நிறுவனம் ஜப்பானியத் துணையோடு வடக்கே தொடங்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும், சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளும் புதுப்பேட்டையின் பழைய உதிரிச் சந்தையும் பலருக்குத் துணை நின்றன.

*

ஜீப்புக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவு தற்செயலானது அல்ல. பூவிருந்தவல்லி என்னும் அழகிய பெயரைப் பூந்தமல்லி என்று சுருக்கிக்கொண்ட ஊர், ஆங்கிலேயர் காலத்தில் ஓர் இராணுவத் தங்கிடம். இரண்டாம் உலகப்போரின்போது ஆவடி பெரிய இராணுவத் தளமாயிற்று. 1955 ஜனவரியில் அதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச மாதிரியான சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானித்தது. தீர்மானம் எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு விவாதம். ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் இந்த மேற்குப் புறநகர் உருமாறியது. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் 1949இலேயே வந்திருந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965 டிசம்பரில் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் ஆகியவை வரிசையாக எழுந்தன. அவற்றுக்கு உதிரி செய்து கொடுக்க அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆயிரக்கணக்கான சிறுபட்டறைகள் பெருகின. லேத், மில்லிங், வெல்டிங், ஸ்பிரிங், ரப்பர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு.

இதே காலத்தில் ஜீப் அரசின் முகமாயிற்று. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் வட்டார வளர்ச்சி அதிகாரி என்ற பதவியையும், அவருக்கென ஒரு ஜீப்பையும் நாட்டுக்குத் தந்தது. பூந்தமல்லி ஒன்றியமும் வில்லிவாக்கம் ஒன்றியமும் அவ்வாறு ஜீப் ஓடிய ஒன்றியங்களே. 'ஜீப்பில் வந்து ஜீப்பில் போகிறவர்' என்று கிராமத்தார் அதிகாரியைக் கேலி செய்ததுண்டு. கேலியில் நியாயம் இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த ஜீப்பில் வந்தவர் புழுதியோடு வந்தார். அவர் சட்டையிலும் ஊர்க்காரன் சட்டையிலும் ஒரே வியர்வை. ஜீப்பில் அதிகாரியின் இருக்கை ஓட்டுநருக்குப் பக்கத்தில். வழியில் கை காட்டியவன் நின்றபடியே அதிகாரியிடம் பேசலாம். நடுவே கண்ணாடி கிடையாது. அதே அதிகாரி பதவி உயர்ந்து வெள்ளை அம்பாசிடருக்கு மாறியபோது பின்னிருக்கைக்குப் போனார், கண்ணாடி ஏறியது. தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் திறந்த ஜீப்பைத் தேடியதும் இதே காரணத்தால்தான். திறந்த ஜீப் என்பது பிறர் கண்ணில் படுவதற்கான வண்டி.

ஆகவே, ஜீப்புக்கு ஏசி என்று சொல்லும்போது உண்மையில் நாம் சொல்வது ஜீப்புக்குச் சுவர் என்பதையே. கம்ப்ரஸர் ஓர் உபகரணம்தான். இடைச்செருகல் சுவரே.

*

இதைத் தொழில்நுட்பத்தின் மொழியில் சற்று விரிவாகப் பார்க்கலாம். பட்டறையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல இயலாது.

ஏசி என்பது ஐந்தாறு உறுப்புகளின் சுற்று. எஞ்சினோடு பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸர், வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸரில் அது வெளிக்காற்றுக்கு வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. ட்ரையர் அதில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய வாயிலைக் கடந்ததும் அழுத்தம் குறைந்து, மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று சொல்லும் பகுதியில் திரவம் ஆவியாகிறது. வெட்டிவேர்த் தட்டியில் நிகழ்ந்த அதே ஆவியாதல்தான். இங்கே ஆவியாவது மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு என்பது மட்டுமே வேறுபாடு. ஒரு ப்ளோயர் அந்தக் காயிலின் மீது வண்டிக்குள் இருக்கும் காற்றை ஊதுகிறது.

இவற்றில் ஒன்றுக்குக்கூட ஜீப்பை வடிவமைத்தவர்கள் இடம் ஒதுக்கவில்லை. முதல் சிக்கல் கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட். பழைய யார்க் வகைக் கம்ப்ரஸர் கனமானது, அதிரக்கூடியது. பின்னர் வந்த சாண்டனின் ஐந்து பிஸ்டன் வகை சிறியது, இசைவானது. உலகெங்கும் பழைய வண்டிக்காரர்கள் அதையே விரும்புகிறார்கள். ஆனால் எதை வைத்தாலும் அதன் புல்லி, கிராங்க் புல்லியோடு ஒரே தளத்தில் நிற்கவேண்டும். நூலிழை விலகினாலும் பெல்ட் கத்தும், தேயும், ஒருநாள் தெறிக்கும். கிராங்க் புல்லியில் இரண்டாவது பள்ளம் இல்லையென்றால் அதைக் கடைந்து எடுக்க வேண்டும். தடித்த இரும்புத் தகட்டில் வெட்டி, துளையிட்டு, எஞ்சினில் ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளோடு பொருத்தி, கழற்றி, தேய்த்து, மீண்டும் பொருத்த வேண்டும். இதற்கு எந்தக் கடையிலும் அட்டைப்பெட்டி கிடைக்காது. அட்டையில் வெட்டிய மாதிரியும், ஒரு லேத்தும், பொறுமையுள்ள ஒருவரும் தேவை. இந்த மூன்றும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும் இடங்கள் நாட்டில் மிகச் சில. அம்பத்தூர் அவற்றுள் ஒன்று. பெரிய ஆலைகளுக்கு ஒரே உதிரியைப் பத்தாயிரம் முறை செய்து பழகிய கை, இங்கே ஒரே ஒருமுறை மட்டும் செய்யப்போகும் ஓர் உதிரிக்காக அளவெடுக்கிறது. ஆவடித் தீர்மானம் எதிர்பார்த்திராத பலன் இது.

இரண்டாவது சிக்கல் வலிமை. பழைய டீசல் ஜீப்பின் எஞ்சின் சுமார் 60 குதிரைத்திறன் கொண்டது. கம்ப்ரஸர் அதில் மூன்று முதல் ஐந்து வரை எடுத்துக்கொள்ளும். ஏறுமுகத்தில் அந்த இழப்பு காலுக்குத் தெரியும். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை இராணுவத்துக்காகத் தயாரான ஜோங்காவுக்கு இந்தக் கவலை குறைவு. நிஸானின் நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் அதற்கு. அதன் கவலை எரிபொருள் செலவு. மூன்றாவது சிக்கல் மின்சாரம். ப்ளோயரும் கூடுதல் மின்விசிறியும் கேட்கும் ஆம்பியரைப் பழைய டைனமோ தாங்காது, ஆல்டர்னேட்டருக்கு மாறவேண்டும். நான்காவது, எஞ்சினின் வெப்பம். கண்டென்ஸரைக் கடந்து வரும் சூடான காற்றுதான் இனி ரேடியேட்டருக்குக் கிடைக்கும். கரடுமுரடான பாதையில் தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்வதற்கென்றே பிறந்த வண்டிக்கு இது பெரும் சோதனை. நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்று உதவும், ஊரும்போது உதவாது. உள்ளே குளிர, முன்னே கொதிக்கும்.

இவை எல்லாவற்றையும் தீர்த்த பிறகே ஐந்தாவதும் முதன்மையானதுமான சிக்கல் வருகிறது. அச்சுக்கூடத்துக் கேரியரை இங்கே நினைவுகூர வேண்டும். ஏசியின் வேலையில் பெரும்பகுதி காற்றை உலர்த்துவது. சென்னையின் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்தது. கடற்கரையில் பகலிலேயே வீசத் தொடங்கும் கடற்காற்று, ஆவடியையும் பூந்தமல்லியையும் எட்டுவதற்கு மேலும் நேரமாகும். சில நாட்களில் எட்டுவதே இல்லை. எனவே இங்கே வெயிலும் கூடுதல், ஈரமும் உண்டு. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானதை இந்தப் பக்கத்தில் மறந்தவர் இல்லை. இந்தக் காற்றில் தார்ப்பாய்க் கூரையும் ஜிப் வைத்த பக்கத் திரையும் கொண்ட ஜீப்பில் ஏசியை ஓட்டினால், ஒவ்வோர் இடுக்கின் வழியாகவும் புதிய ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். காயிலிலிருந்து நீர் சொட்டும், ப்ளோயர் இரையும், நெற்றி வியர்வை காயாது. வங்காள விரிகுடாவை உலர்த்த முயல்வதற்கு ஒப்பான வேலை.

ஆகவே ஹார்டு டாப் வருகிறது. கதவு வருகிறது. கதவில் கண்ணாடியும், கண்ணாடியைச் சுற்றி ரப்பரும் வருகின்றன. ஃபயர்வாலுக்கும் தரைக்கும் வெப்பத் தடுப்பு விரிப்பு. கியர் தண்டுகள் தரையைத் துளைத்து வரும் இடங்களில் தோலுறை. கடைசியில் அது நான்கு சக்கரத்தில் நிற்கும் ஓர் அறை. பாட்டும் கேட்கலாம், பேச்சும் கேட்கலாம். வெளியே யார் கூப்பிட்டாலும் கேட்காது.

*

இந்தக் குழாய்களுக்குள் ஓடும் வாயுவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. தொடக்ககாலக் குளிரூட்டிகளில் அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் இருந்தன; கசிந்தால் ஆளைக் கொல்லக்கூடியவை. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸைச் சார்ந்த தாமஸ் மிட்ஜ்லியின் குழு, எரியாத, நஞ்சற்ற ஒரு வாயுவைக் கண்டது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்-12தான் பின்னர் உலகத்தின் எல்லாக் கார் ஏசிகளிலும் ஓடியது. காருக்குள் ஏசி சாத்தியமானதே இந்த வாயுவால்தான். இந்தியாவில் இதைத் தயாரித்த நான்கு நிறுவனங்களில் மேட்டூரின் கெம்பிளாஸ்ட் ஒன்று. 1974இல் மொலினாவும் ரோலண்டும் இந்த வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1992இல் இந்தியா இணைந்தது. 2008 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் இதன் உற்பத்தி நின்றது.

பழைய வண்டிக்காரர்களுக்கு இது நடைமுறைச் சிக்கலாக வந்து சேர்ந்தது. எண்பதுகளில் ஏசி பொருத்திய ஒரு வண்டிக்கு இன்று கேஸ் ஏற்ற வேண்டுமானால், ஆர்-134ஏ வாயுவுக்கு மாறவேண்டும். அதற்கேற்ற கம்ப்ரஸர் எண்ணெய் வேறு, ட்ரையர் வேறு, கசிவைத் தடுக்கும் ஹோஸ் வேறு. இந்தப் புதிய வாயு ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வல்லது. 2016இன் கிகாலி ஒப்பந்தத்தால் அதுவும் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டியதாயிற்று; இந்தியா 2021இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. உள்ளே குளிர் பெறுபவன் வெளியே வெப்பத்தைத் தள்ளுகிறான் என்பது கண்டென்ஸரைத் தொட்டுப் பார்த்த எவருக்கும் தெரியும். வாயுவின் வரலாறு அதையே வானம் அளவுக்கு விரித்துக் காட்டுகிறது.

*

சுவரில்லாத வண்டியை இவ்வளவு நேரம் பேசினோம். சுவர் மட்டுமேயான வண்டியும் இதே ஆவடியில்தான் பிறக்கிறது. டாங்கியும் பாதையில்லாத நிலத்தில் ஓடும் வண்டியே. நாற்புறமும் எஃகு, காற்றுப் புகக்கூடாத உள்ளறை, எஞ்சின், பீரங்கி, மின்கருவிகள் ஆகியவற்றின் வெப்பத்தோடு மூன்று நான்கு வீரர்கள். 2001இல் ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. அவற்றில் 186 ஆவடியில் பூட்டப்பட்டன. குளிர்நாட்டில் பிறந்த அந்த டாங்கி ராஜஸ்தான் கோடையைச் சந்தித்தபோது, இரவில் பார்க்க உதவும் வெப்பப் படக் கருவிகள் உள்வெப்பம் தாளாமல் பழுதாயின. அதைத் தொடர்ந்து, வெளிவந்துவிட்ட டாங்கிக்குள் குளிர்சாதனம் பொருத்தும் முயற்சிகளை இராணுவம் மேற்கொண்டது. ஜீப்பில் வலிமை இல்லை, இடத்துக்குக் குறைவில்லை. டாங்கியில் 1000 குதிரைத்திறன் உண்டு, ஒரு பெட்டி வைக்க இடம் இல்லை.

அந்த வீரர்கள் 50 டிகிரிக்கு மேற்பட்ட உள்வெப்பத்தில் அதற்கு முன்பும் இருந்தார்கள். விஜயந்தாவிலும் இருந்தார்கள். ஏசியைப் பற்றிய பேச்சை வலுவாக்கியது கருவியின் பழுது. புரூக்ளின் அச்சுக்கூடத்தில் தொழிலாளியின் வியர்வை யாரையும் அசைக்கவில்லை. தாள் சுருங்கியதும் பொறியாளர் வந்தார். நூறாண்டு கழித்தும் வரிசை மாறவில்லை. பொருளுக்கு முதலில், உடைமையாளனுக்கு அடுத்து, உழைப்பவனுக்குக் கடைசியில்.

வரிசை மெல்ல மாறுகிறது என்பதையும் பதிவு செய்யவேண்டும். 2023இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, 2025 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் ஏசி கட்டாயம் என்று விதித்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்று நிதானமாகப் பார்த்தால், கண்ணாடி ஏற்றப்பட்ட லாரிகள் ஒன்றிரண்டு இப்போது தென்படும். பேக்கார்டில் கடைசியாகக் குளிர் பெற்ற மனிதனுக்குச் சட்டப்படி குளிர் வந்து சேர எண்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஜீப்பின் வாரிசும் சுவருக்குள் போய்விட்டது. செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா ஆய்வு மையத்தில் உருவாகி 2020இல் வந்த புதிய தார், தொழிற்சாலையிலேயே ஹார்டு டாப்பும் ஏசியும் பெற்று வருகிறது. இடைச்செருகலாகத் தொடங்கிய செய்யுள் அடுத்த பதிப்பில் மூலத்திலேயே அச்சாகிவிட்டது. அதற்குப் பாலைவனத்தின் பெயர் வைத்திருப்பதை யாரும் திட்டமிட்டு நகைச்சுவையாகச் செய்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் வழக்கின் தீர்ப்பு என்ன? பழைய ஜீப்பில் ஏசி வைப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. மே மாதத்தில் வயதான தாயையோ கைக்குழந்தையையோ ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் வரை போகவேண்டியவனிடம் மூலபாடத் தூய்மையைப் பேசுவது எளிது, நியாயமன்று. ஆனால் நல்ல பதிப்பாசிரியரிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அவர் இடைச்செருகலை ஒளிப்பதில்லை. எது எப்போது சேர்ந்தது என்பது தெரியும்படி வைப்பார், வேண்டுவோர் நீக்கிப் படிக்கும்படியும் வைப்பார். வண்டியின் உடலில் புதிய துளை போடாமல், இருக்கும் போல்ட்டுகளிலேயே பிராக்கெட்டைத் தாங்கவைத்து, ஹார்டு டாப்பையும் கதவுகளையும் கழற்றி வைக்கக்கூடியதாகச் செய்யும் பட்டறைக்காரர்கள் இந்த அறத்தை அறிந்தவர்கள். மார்கழி வந்ததும் கூரையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, முன்கண்ணாடியைப் படுக்கவைத்து ஓட்டலாம். கை காட்டுபவன் முகம் தெரியும். பக்கத்தில் இருப்பவரோடு அவன் நின்றபடியே பேசலாம்.